தகிட, தகதிமி, மீச்சிறு பொது மடங்கு

மீச்சிறு பொது மடங்கு (LCM, இரு எண்களுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு) என்றதும் பிள்ளைகள் முகம் சுளித்தால், நோட்டை மூடிவிட்டு அவர்களை இரண்டு அணியாக நிறுத்துங்கள். முதல் அணி ‘த-கி-ட’ என்று சொல்லி ‘ட’வில் கைதட்ட வேண்டும். அடுத்த அணி ‘த-க-தி-மி’ சொல்லி ‘மி’யில் காலால் தரையைத் தட்ட வேண்டும். நீங்கள் மேசையில் தட்டிக்கொண்டே 1, 2, 3 என எண்ணுங்கள். வேகம் மட்டும் கூடக் கூடாது, கூடினால் வெறும் கூச்சல்தான் மிஞ்சும்.

3, 4, 6, 8, 9 என்று தனித்தனியாக விழும் சத்தம் 12இல் சேர்ந்து விழும். தகிட நான்கு முறை, தகதிமி மூன்று முறை. அந்த 12தான் 3, 4இன் மீச்சிறு பொது மடங்கு. அடுத்து 24இல் மறுபடி சேரும்.

அப்புறம் 4, 6 வைத்து ஆடச் சொல்லுங்கள். ஆறுக்கு ‘தகிட தகிட’ சொல்லி இரண்டாவது ‘ட’வில் மட்டும் தட்டினால் போதும். எங்கே சேரும் என்று முன்கூட்டியே கேட்டால், பெருக்கிப் பார்த்து 24 என்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 12லேயே சேர்ந்துவிடும். ஏன் என்று அவர்களே வாதாடட்டும், உடனே விளக்கிவிடாதீர்கள்.

மாடி வீடு என்றால் காலுக்குப் பதில் தொடையில் தட்டலாம்.