முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லான்: எங்கே தடுமாறுகிறோம்?

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரிண்ட் டிரையத்லான் என்பது இவ்வளவுதான். ஒலிம்பிக்கில் நடக்கும் தனிநபர் போட்டியின் தூரத்தில் சரிபாதி. ஓரளவு நீந்தத் தெரிந்து, வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் சில மாதங்களில் இதற்குத் தயாராகிவிடலாம். நிறையப் பேர் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சென்னையில் என்னோடு பயிற்சி செய்பவர்களை வைத்துச் சொல்கிறேன். முதல் போட்டியில் திணறுகிறவர்களில், உடம்பில் தெம்பு இல்லாமல் திணறுகிறவர்கள் குறைவு. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் நன்றாகவே செய்வார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில்தான் எல்லாம் குலைகிறது. குளத்திலிருந்து கடலுக்கு, தண்ணீரிலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு. பயிற்சி அட்டவணையில் இந்த மாற்றங்களுக்கு யாரும் இடம் ஒதுக்குவதில்லை.

கடலிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்ட தவறுகள் அங்கேதான் இருக்கின்றன. 25 மீட்டர் நீச்சல் குளத்தில் முப்பது முறை போய்விட்டால் 750 மீட்டர் கைவசம் வந்துவிட்டது என்று கணக்குப் போடுகிறார்கள். குளத்தில் ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துக் கிளம்புகிறோம். நமக்கே தெரியாமல் அங்கே ஒரு சின்ன ஓய்வு கிடைத்துவிடுகிறது. தரையில் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய்விடலாம். கடலில் சுவரும் கிடையாது, கோடும் கிடையாது. தண்ணீர் கலங்கியிருந்தால் நீட்டிய கையே தெரியாது. போதாததற்கு, முன்னால் போகிறவரின் குதிகால் முகத்தில் படும்.

இந்த நிலையில் முதல் நூறு மீட்டரை வேகமாக அடித்தால் மூச்சு ஏறிக்கொள்ளும், நெஞ்சு இறுகும், பயம் பிடித்துக்கொள்ளும். கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரமாகவோ பின்வரிசையிலோ நின்று, மற்றவர்கள் போன பிறகு கிளம்புங்கள். இழப்பது சில விநாடிகள்தான். மூச்சு முட்டினால் மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள். வழி காட்டக் கடலில் போட்டிருக்கும் மிதவையையோ, காவலுக்கு நிற்கும் கயாக் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னே நகரக் கூடாதே தவிர, ஓய்வெடுப்பதை விதியே அனுமதிக்கிறது. இது தெரியாமல், கையைத் தூக்கினாலே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து தத்தளிப்பவர்கள் இருக்கிறார்கள். டிரையத்லானில் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதே நேர்ந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால், முன்பே கண்டுபிடிக்கப்படாத இதயக் கோளாறு இருந்திருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்களும் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

திசை பார்க்கப் பழகாததும் பெரிய குறைதான். ஏழெட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி தலையை லேசாகத் தூக்கி மிதவையைப் பார்க்க வேண்டும். தலையை முழுசாகத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போய்விடும். நம் கிழக்குக் கரையில் காலைப் போட்டி என்றால், கரையிலிருந்து உள்ளே போகும்போது சூரியன் நேர் எதிரே நிற்கும். வெள்ளைக் கண்ணாடி போட்டவருக்கு ஆரஞ்சு மிதவை கண்ணுக்கே தெரியாது. கறுப்புச் சாயல் உள்ள நீச்சல் கண்ணாடி வேண்டும். நீரோட்டமும் உண்டு. சென்னைக் கரையோரம் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பெரும்பாலும் வடக்கு நோக்கி இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கி இழுக்கும். அன்றைக்கு எப்படி என்பதைக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டால் போதும், சரியாகச் சொல்லிவிடுவார். பயிற்சிக்குக் கடலில் இறங்குவதானால் கடல் நீச்சல் தெரிந்தவர்களோடு மட்டும், அவர்கள் சரி என்று சொல்லும் நாளில் மட்டும் இறங்குங்கள். தனியாக ஒருநாளும் வேண்டாம்.

அப்புறம் மாறும் இடம். டிரான்ஸிஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்த அடைப்புக்குள் செலவாகும் நேரமும் மொத்த நேரத்தில் சேரும். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நீந்திவிட்டு எழுந்து நின்றதும் தலை லேசாகச் சுற்றும், வரிசையாக நிற்கும் சைக்கிள்களெல்லாம் ஒன்றுபோலத் தெரியும். போட்டிக்கு முன்பே, தண்ணீரிலிருந்து வெளியே வரும் வாசலில் நின்று, எத்தனையாவது வரிசை, எந்தப் பக்கம் என்று எண்ணியபடி உங்கள் சைக்கிள் வரை நடந்து பாருங்கள். சைக்கிள் வெளியே போகும் வழியையும் அப்படியே நடந்துவிடுங்கள்.

பொருள்களை அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஹெல்மெட்டைக் கைப்பிடிமேல் மல்லாத்தி, வார்களை இருபுறமும் விரித்து வையுங்கள். குளிர்கண்ணாடி அதற்குள்ளேயே இருக்கட்டும். காலில் ஒட்டிய மணலைக் கழுவ ஒரு பாட்டில் தண்ணீரும், மிதித்துத் துடைக்க ஒரு பழைய துண்டும் தரையில் வேண்டும். அந்த மணலோடு ஷூ போட்டு 5 கிலோமீட்டர் ஓடினால் குதிகாலில் தோல் உரிந்துவிடும். ஈரக்காலில் சாக்ஸ் ஏறாது. அதனால் முன்பே பாதி சுருட்டி, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி வைப்பது நல்லது. ஓட்ட ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டுவிட்டால் முடிச்சுப் போடும் வேலையே இல்லை. வீட்டு மொட்டை மாடியில் பொருள்களைப் பரப்பி, கையும் காலும் நனைந்த நிலையில் இதை நாலைந்து முறை செய்து பாருங்கள். உலர்ந்த கையால் போடும் ஹெல்மெட் கொக்கி வேறு, நடுங்கும் ஈரக்கையால் போடும் கொக்கி வேறு.

ஹெல்மெட் விதியில் மட்டும் யாருக்கும் சலுகை இல்லை. சைக்கிளை அதன் இடத்திலிருந்து எடுப்பதற்கு முன் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியும் இதே ஸ்பிரிண்ட் தூரம்தான். தங்கத்துக்காக இங்கிலாந்தின் அலெக்ஸ் யீயுடன் மோதிக்கொண்டிருந்த நியூசிலாந்தின் ஹேடன் வைல்டுக்கு, சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே ஹெல்மெட்டைத் தளர்த்தியதாக 10 விநாடி தண்டனை விதித்தார்கள். ஓட்டத்தின் கடைசியில் அவர் தண்டனைக் கட்டத்தில் போய் நிற்க, யீ தங்கத்தை எடுத்துக்கொண்டார். வைல்டுக்கு வெள்ளி. அந்த மட்டத்தில் இருப்பவர்களுக்கே இது நடக்கிறது என்றால் நாம் எவ்வளவு பழக வேண்டும் என்று பாருங்கள்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விலை உயர்ந்த சைக்கிள் வாங்கிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரேக்கும் கியரும் ஒழுங்காக வேலை செய்யும் சாதாரண சைக்கிளே முதல் போட்டிக்குப் போதும். போட்டிக்கு முன் நிறுத்தும்போது லேசான கியரில் வைத்து நிறுத்துங்கள், ஏறியதும் மிதிக்க முடியும். மாறும் இடத்தின் வெளிவழியில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும், திரும்பும்போது கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நம்மைப் போன்ற வயதுப் பிரிவுக்காரர்களுக்கான பெரும்பாலான போட்டிகளில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக் காற்று மறைவில் ஓட்ட அனுமதி இல்லை. இடைவெளி எத்தனை மீட்டர் என்பதைப் போட்டிக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பதும் ஒரு தவறுதான்.

ஈசிஆர் போன்ற திறந்த சாலையில் பின்காற்றில் பறந்துவிட்டு, திரும்பும் வழியில் எதிர்காற்றிலும் அதே வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பவர்கள் ஓட்டத்துக்கு வைத்திருந்த காலை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். எதிர்காற்றில் வேகத்தை மறந்துவிடுங்கள், மூச்சைக் கவனியுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரைக் குறைத்து, காலை வேகமாகவும் இலகுவாகவும் சுழற்றிக்கொண்டு வாருங்கள்.

இவ்வளவு செய்தும், இறங்கி ஓட ஆரம்பித்ததும் கால் மரக்கட்டையாகத்தான் இருக்கும். அதற்குப் பழக்கம் ஒன்றே வழி. வாரம் ஒருமுறை சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு பதினைந்து நிமிடம் ஓடுங்கள். இறங்கி, தண்ணீர் குடித்து, போனைப் பார்த்துவிட்டு ஓடினால் பலன் இல்லை. இன்னொன்று, சைக்கிள் வேகம் கண்ணில் பழகிவிட்டதால் ஓடும்போது மெதுவாகப் போவதுபோலத் தோன்றும். அதை நம்பி முதல் கிலோமீட்டரில் முடுக்கினால் மூன்றாவது கிலோமீட்டரில் நடக்க வேண்டிவரும்.

வெயிலையும் புழுக்கத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2016இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த உலகத் தொடர் இறுதிப் போட்டியில், முதலில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டனின் ஜானி பிரவுன்லி முடிவுக்கோடு நெருங்கும் நேரத்தில் வெக்கையில் நிலைகுலைந்தார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி அழைத்துவர வேண்டியிருந்தது. நம் ஊரில் போட்டிக்கு முதல்நாளிலிருந்தே தண்ணீரும் உப்பும் சேர வேண்டும். சைக்கிளில் ஒரு பாட்டில் ஓஆர்எஸ் இருக்கட்டும். சாப்பாட்டில் புதுமை வேண்டாம். இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பு நாலு இட்லி, ஒரு வாழைப்பழம், போதும். பயிற்சியில் தொடாத எனர்ஜி ஜெல்லை அன்றைக்கு வாயில் வைக்காதீர்கள்.

ஓட்டத்தில் உடம்பு சில்லிட்டாலோ, வியர்வை நின்றாலோ, கண் மங்கினாலோ அதே இடத்தில் நின்று அருகிலிருக்கும் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். எத்தனை மீட்டர் மீதி என்று பார்க்காதீர்கள்.