பினாங்கு நீல மாளிகையில் தங்குவோருக்கு ஒரு குறிப்பு

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதியில், லீத் தெருவில் இருக்கும் நீல மாளிகையைப் பலரும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முடிந்தால் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். சியோங் ஃபாட் ஸீ என்ற சீன வணிகர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு அது, இப்போது சிறிய ஹோட்டல்.

முதலில் வழிகாட்டியோடு ஒரு சுற்று போய்விடுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் பிடிபடும். அப்புறம் காலையில், பார்வையாளர்கள் வருவதற்கு முன், நிதானமாகத் தனியாக நடங்கள். கூரை முகடுகளை அண்ணாந்து பாருங்கள்: வண்ணப் பீங்கான் கிண்ணங்களைத் துண்டுதுண்டாக நறுக்கி ஒட்டிய பூக்களும் பறவைகளும். ஒவ்வோர் இதழும் தனித்தனித் துண்டு! அவசரமாகப் போனால் இது கண்ணில் படவே படாது. சுவர் நீலம் சுண்ணாம்பில் அவுரிச் செடியின் நீலச் சாயம் கலந்து பூசியது. அந்தச் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள், பூச்சு பாவம்.

பெரியவர்களோடு போனால், முன்பதிவின்போதே கீழ்த்தள அறை கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். பழைய வீட்டுப் படிகள் அவர்களுக்குச் சிரமம்.