வாடகைக் காரும் ‘ஃபுல்’ இல்லாத ஃபுல் இன்சூரன்ஸும்: பிரிட்டன் வரும் வேலூர்க்காரர்களுக்கு

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைப் பற்றி ஒரு பட்டியல் சொல்வார்கள். பிரிட்டன் போன முதல் வருஷமே அதில் நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: ஃபுல் இல்லாத ஃபுல் இன்சூரன்ஸ்.

இப்போது லீவில் சத்துவாச்சாரி வந்திருக்கிறேன். அக்கா மகள் நர்ஸ், அடுத்த மாதம் லீட்ஸ் பக்கம் வேலைக்குச் சேருகிறாள். போய் இறங்குவதற்குள் தோழிகளோடு ஸ்காட்லாந்து டூர் போட்டாகிவிட்டது. “மாமா, ஒரு நாளைக்கு 28 பவுண்டுதான், ஃபுல் இன்சூரன்ஸோட கார் தர்றாங்க” என்று போனை நீட்டினாள். “கீழ பொடி எழுத்துல இருக்கு பாரு, அதைப் படிம்மா” என்றேன். எக்ஸஸ் 1,500 பவுண்டு.

எக்ஸஸ் என்றால், சேதச் செலவில் முதலில் நம் கையிலிருந்து போக வேண்டிய பங்கு. இங்கேயும் அது உண்டு. 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஷோரூமில் ‘பம்பர் டு பம்பர்’ என்கிற முழுக் காப்பீடு போட்டு வந்தாலும் அந்த ஆயிரம் நம்முடையதுதான். சின்னத் தொகை என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே வாடகைக் காருக்கு அதே சங்கதி 1,000, 2,000 பவுண்டு என்று வந்து நிற்கும். கதவில் ஒரு கீறல் விழுந்து 400 பவுண்டு பில் வந்தால் 400-ம் உங்கள் தலையில்தான். எக்ஸஸைத் தாண்டினால்தான் கம்பெனியின் காப்பீடு வாயைத் திறக்கும். அதுவும் டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம், சாவி இதெல்லாம் பெரும்பாலும் கணக்கிலேயே வராது.

கவுண்டரில் இதைத்தான் விற்பார்கள். ராத்திரி விமானம், தூக்கமில்லாத கண், பின்னால் நீள வரிசை. எதிரே இருப்பவர் டேப்லெட்டைத் திருப்பி வைத்து, “எக்ஸஸை ஜீரோ ஆக்கிடலாமா?” என்பார். ஒரு நாளைக்கு 15-லிருந்து 30 பவுண்டு வரை. வேண்டாம் என்றால் முகத்தில் ஒரு கவலை காட்டுவார் பாருங்கள், நம் சொந்தக்காரர்கூட அப்படிக் கவலைப்பட மாட்டார்.

முதல் முறை நானும் டிக் அடித்தேன். 5 நாளுக்கு 110 பவுண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஓட்டிய கை என்ற தைரியத்தில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் ஒற்றைத்தடச் சாலையில் போனேன். எதிரே வந்த பால் லாரிக்கு ஒதுங்கும்போது முன் இடது சக்கரம் கல் விளிம்பில் உரசி டயர் கிழிந்தது, ரிம்மும் தேய்ந்தது. காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு கார்டில் 340 பவுண்டு எடுத்துவிட்டார்கள். கேட்டால், நான் வாங்கிய ஜீரோவில் டயரும் ரிம்மும் சேர்த்தி இல்லையாம். 110-ம் போச்சு, 340-ம் போச்சு.

அதற்கப்புறம் நான் செய்வது வேறு. வாடகைக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத காப்பீட்டு நிறுவனங்கள் எக்ஸஸுக்கு மட்டும் தனியாகப் பாலிசி விற்கின்றன. ஒரு நாளைக்குச் சில பவுண்டுதான். வருஷத்துக்கு எடுத்தால் பெரும்பாலும் 40, 60 பவுண்டுக்குள் முடிந்துவிடும். டயர், கண்ணாடி, அடிப்பாகமும் பல பாலிசிகளில் அடங்கும், ஆனால் வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். காரை எடுப்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பிரதான ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும். பல பாலிசிகள் பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். ஊரிலிருந்து வரும் அப்பா தன் பெயரில் கார் எடுத்தால் உங்கள் பாலிசி அவருக்கு உதவாது.

இதில் ஒரு வலி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி முதலில் உங்கள் கார்டிலிருந்துதான் பணத்தை எடுக்கும். நீங்கள் கட்டிவிட்டு, அப்புறம் பாலிசிக்காரரிடம் திருப்பி வாங்க வேண்டும். அவர்களுடைய ஜீரோவை வாங்காததால் சில கம்பெனிகள் டெபாசிட்டாக எக்ஸஸ் அளவுக்கேகூடக் கார்டில் நிறுத்தியும் வைக்கும். பிரதான ஓட்டுநரின் சொந்த கிரெடிட் கார்டில் அவ்வளவு லிமிட் இருக்க வேண்டும். பல இடங்களில் டெபிட் கார்டை ஏற்பதே இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு முதல் கார்டின் லிமிட் 500 பவுண்டுதான் என்றால், கவுண்டர்க்காரர் சொல்வதைக் கேட்பதைத் தவிர வழியில்லை. அல்லது கார் வேண்டாம், ரயிலில் போங்கள்.

அடுத்து வீடியோ. இதில் சோம்பல் படாதீர்கள். சாவி கைக்கு வந்ததும் ஓட்டுநர் பக்க முன் சக்கரத்தில் தொடங்கி ஒரு சுற்று. நாலு ரிம்மையும் கிட்டப்போய், கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்து, கூரை, பம்பரின் அடி விளிம்பு, கடைசியில் பெட்ரோல் முள்ளும் கிலோமீட்டரும். இல்லை, அங்கே மைல். மழையில் நனைந்த காரில் கீறல் தெரியாது. ஒரு பழைய துண்டு எடுத்துப்போய்த் துடையுங்கள். புதுக் கீறல் கண்ணில் பட்டால் அவர்கள் ஷீட்டில் குறிக்கவைத்த பிறகே வண்டியை எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே சுற்று. ராத்திரி சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், காலையில் அவர்கள் வந்து பார்க்கும்வரை பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையதுதான்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக: பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் நம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், பிறகு அங்கே டெஸ்ட் எழுதி ஓட்டிக்காட்ட வேண்டும். சில கம்பெனிகள் ஐடிபி எனப்படும் சர்வதேச அனுமதியையும் கேட்கும். அதை ஊரை விட்டுக் கிளம்புமுன் நம் ஆர்டிஓவில் வாங்கிவிடுங்கள். ஒரு வருஷம் செல்லும். அமெரிக்கா போகிறவர்கள் இந்தக் கட்டுரையை அப்படியே நம்ப வேண்டாம், அங்கே வாடகையில் சேதக் காப்பீடே சேர்ந்திருக்காமல் போகலாம்.

நேற்று சாயங்காலம் அக்கா மகள் வாசலில் நின்ற டிஎன் 23 காரைச் சுற்றி வீடியோ எடுத்துப் பழகினாள். பின் இடது கதவில் யாருமே பார்க்காத நீளக் கீறல் ஒன்று கிடைத்தது. “இது எப்ப விழுந்துச்சு?” என்றாள் அக்கா. அவள் வீட்டுக்காரர் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.