பாலாறு கடலில் சேருமிடத்துக்கு வேலூரிலிருந்து ஒரு நாள் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

வேலூரில் வளர்ந்தவர்களுக்குப் பாலாறு என்றால் காட்பாடி போகும் பாலத்துக்குக் கீழே கிடக்கும் மணலும் சீமைக்கருவேலமும்தான். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு இது. கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் சேர்கிறது. அந்த இடத்தை நம் ஊர்க்காரர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரே நாளில் போய்வரலாம்.

படி 1: நாள் பாருங்கள்

இதில் தப்பினால் எல்லாம் வீண். முதல் தடவை நான் அம்மாவை மே மாதத்தில் கூட்டிப்போனேன். வழி நெடுக வெறும் மணல். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை நல்ல காலம். வெள்ள எச்சரிக்கை இருக்கும்போது போகவே போகாதீர்கள். 2021 நவம்பரில் இந்த ஆறு எப்படிப் பெருகியது என்று கரையோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படி 2: ஒரு பிடி மணல்

முந்தின நாள் மாலை ஆற்றில் இறங்கி ஒரு பிடி மணல் எடுத்துக் காகிதத்தில் மடித்து வையுங்கள். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன். அப்புறம் தண்ணீர், தொப்பி, மதியத்துக்குப் புளிச்சோறு. ஆற்றோரத்தில் சாப்பாட்டுக்கடையை நம்பிப் போக முடியாது.

படி 3: விடியுமுன் கிளம்புங்கள்

காலை ஐந்தரைக்குள் வண்டி எடுத்தால் சரியாக இருக்கும். வாலாஜா, காவேரிப்பாக்கம் வழியாகக் காஞ்சிபுரம் சுமார் 70 கிலோமீட்டர். வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டிலிருந்து பிரியும் பாலாற்றுத் தண்ணீர்தான் காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்புகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு இடத்திலும் மாற வேண்டியிருக்கும். அதனால் இன்னும் முன்னதாகவே கிளம்புங்கள். காஞ்சியில் மிளகும் சுக்கும் மணக்கும் கோவில் இட்லி கிடைத்தால் விடாதீர்கள்.

படி 4: திருமுக்கூடலில் நிதானமாக இருங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் பழையசீவரம் வரும். அங்கே பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். ஆற்றின் அகலத்தை இங்கேதான் முதலில் உணர்வீர்கள். எதிர்க்கரையில் ஆடு மேய்ப்பவர் விரல் உயரத்துக்குத்தான் தெரிவார்.

கரையிலேயே பெருமாள் கோவில் இருக்கிறது. நடை சாத்துவதற்குள், பத்து பத்தரைக்கெல்லாம் போய்விடுங்கள். அங்குள்ள வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோவிலை ஒட்டி நடந்த 15 படுக்கை ஆதுலர் சாலையையும் (நோயாளிகளுக்கான மருத்துவமனை), அதன் மருத்துவரையும், அறுவை செய்பவரையும், இருப்பில் வைத்த மருந்துகளையும் அது வரிசையாகச் சொல்கிறது. 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நம் ஆற்றங்கரையில் அத்தனை காலத்துக்கு முன்பே ஒரு ஆஸ்பத்திரி நடந்தது என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. அரை மணி நேரமாவது அந்தக் கல்வெட்டுச் சுவருக்குக் கொடுங்கள்.

படி 5: செங்கல்பட்டு தாண்டி

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், அங்கிருந்து சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறைகளும் அங்கே உண்டு. நேரம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதியில் படம் எடுக்காதீர்கள்.

படி 6: வாயலூர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் வாயலூர் பாலம். தடுப்பணையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்ததும் இது நம் பாலாறுதானா என்று தோன்றும். முகத்துவாரத்துக்கு வழியை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காவிரி டெல்டாபோல வயலும் வாய்க்காலுமாக விரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். மணல் திட்டு, உப்பங்காற்று, திட்டைத் தாண்டி அலைச்சத்தம், அவ்வளவுதான். தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். ஆறும் கடலும் இழுக்கும் இடத்தில் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஆபத்துதான்.

இப்போது பொட்டலத்தைப் பிரியுங்கள். ஒரு உள்ளங்கையில் வேலூர் மணல், இன்னொன்றில் இந்தக் கரை மணல். நம்முடையது பருமணல், விரலில் நறநறக்கும். இங்கே எடுத்தது மாவுபோல நழுவிவிடும். வழியெல்லாம் தண்ணீர் பருமணலைப் பின்னால் விட்டுவிட்டு, நைந்ததை மட்டும் இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறது.

மூன்றரைக்குக் கிளம்பினால் இருட்டிக் கொஞ்ச நேரத்தில் வீடு வந்துவிடலாம். இரண்டாம் முறை ஜனவரியில் போனபோது அம்மா அந்த இரண்டு மணலையும் தனித்தனியாக முடிந்துகொண்டு வந்தார். சாமி மாடத்தில் இன்னும் இருக்கிறது.