மரவாய்க்காலில் ஒரு நிலச்சரிவு: முதலில் கையால், அப்புறம் கணினியில்

செட்டிநாட்டில் இருந்துகொண்டு நிலச்சரிவைப் பற்றி என்ன படிக்க முடியும் என்று சிவில் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். குன்றக்குடி மாதிரிப் பாறைக் குன்றுகளை விட்டால் நம் பக்கம் தரை தட்டைதான். ஆனால் 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததும், அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடி வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்து 7 பேர் இறந்ததும் நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. இதைப் படிக்க வேண்டும், இங்கிருந்தே படிக்கவும் முடியும். நேரே சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். திறந்தால் சிவப்பும் மஞ்சளுமாக அழகான வரைபடம் வரும், அதில் எதை நம்புவது என்றுதான் தெரியாது.

முதலில் ஒரு மரவாய்க்கால். 8 அடி நீளம், 1 அடி அகலத்தில் பிளைவுட், ஒரு பக்கம் மரச்சுவர், மறுபக்கம் கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் ஷீட், மேல் முனையில் மண் கொட்ட ஒரு பெட்டி, அந்தப் பெட்டியின் வாயில் மேல்நோக்கி இழுத்துத் திறக்கும் கதவு. ஆசாரியிடம் படம் போட்டுக் கொடுத்தால் செய்துவிடுவார். தண்ணீரில் கரையாத பசையைத் தடவி அடிப்பலகை முழுக்க மணலைத் தூவிக் காயவிடுங்கள், வழவழப்பான பலகையில் மண் ஓடாது, வழுக்கிக்கொண்டு போகும். இதனால்தான் கீழே வந்து விழும் இடத்தையும் முற்றத்து ஆத்தங்குடிக் கல்லின் மேல் வைக்கக் கூடாது. 2, 3 டிகிரி சாய்வில் அகலமான பலகை ஒன்றைப் போட்டு, 10 சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். வாய்க்காலின் சரிவு 30 டிகிரி. கோணம் பார்க்கப் போனிலேயே ஆப் இருக்கிறது.

மண்ணுக்குப் பஞ்சமில்லை. செம்புராங்கல் சரளை, மணல், கண்மாய் வண்டல் மூன்றும் சலித்துத் தனித்தனியாக வேண்டும். காய்ந்த கலவை 10.6 கிலோ எடுத்தால், ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்பது) 2.65 என்று வைத்துக்கொண்டால் 4 லிட்டர் திடப்பொருள். அதில் 2.6 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் மொத்த கன அளவில் 60 சதவீதம் திடப்பொருள் ஆகிறது, நிஜச் சரிவுகளும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இறங்குகின்றன. நன்றாகக் கலக்கி, சரளை அடியில் தங்குவதற்குள் கதவைத் திறந்துவிடுங்கள்.

போனை ஸ்லோமோஷனில் வைத்து அக்ரிலிக் பக்கத்திலிருந்து எடுங்கள், இங்கே அவசரப்படாதீர்கள். பெரிய கற்கள் மேலேறி, மேல்மட்டம் வேகமாக ஓடுவதால் முகப்புக்கு வந்து குவிந்து, உரசிக்கொண்டு தயங்கும். பின்னால் பணியார மாவுப் பதத்தில் வருகிற சேறு அதை நெட்டித் தள்ளும். அப்புறம் வண்டலே சேர்க்காமல் வெறும் மணலும் சரளையுமாக அதே எடையில் ஒரு முறை விடுங்கள். சீக்கிரமே நின்றுவிடும். காரணம் இதுதான்: மண்துகள்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் எடையின் ஒரு பகுதியைத் தாங்குகிறது, அதனால் துகள்களின் பிடிப்பு குறைகிறது, அந்தத் தண்ணீர் சட்டென்று வடியாமல் பிடித்து வைப்பது வண்டல். வண்டல் இல்லையென்றால் அழுத்தம் இறங்கி, கல்லும் கல்லும் உரசி நின்றுபோகும். சரிவு எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்வி பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

முகப்பு ஒவ்வொரு கோட்டைத் தாண்டும் நேரம், படிந்த நீளம், அகலம், தடிமன் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள்.

ஆனால் இந்த எண்களை அப்படியே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. நீர் அழுத்தம் வடிய ஆகும் நேரம் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆழம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. சின்ன வாய்க்காலில் அது மலையில் ஆவதைவிட வெகு சீக்கிரம் வடிந்துவிடும், சேற்றின் பிசுபிசுப்போ அளவுக்கு மீறி வேலை செய்யும். அமெரிக்காவின் ஓரிகான் காட்டுக்குள் அந்நாட்டு நிலவியல் துறை 95 மீட்டர் நீளத்தில், 31 டிகிரி சரிவில் ஒரு கான்கிரீட் வாய்க்காலைக் கட்டி வைத்திருப்பது இந்தக் குறையைத் தாண்டத்தான்.

சரி, இனி கணினி. முதல் மாதிரியை எக்செலிலேயே செய்யலாம். பனிச்சரிவுக்காக 1955இல் வந்த ஃபோல்மி முறையில் இரண்டே எண்கள்: உராய்வைச் சொல்லும் மியூ, வேகம் கூடக்கூட வரும் தடையைச் சொல்லும் க்ஸை. நிலையான வேகத்தின் வர்க்கம் = க்ஸை × ஆழம் × (சரிவின் சைன் − மியூ × சரிவின் காஸ்). 15 டிகிரி சரிவு, 2 மீட்டர் ஆழம், க்ஸை 200, மியூ 0.1 என்று போட்டால் வினாடிக்கு 8 மீட்டர் வருகிறது. மியூவை மட்டும் 0.2 ஆக்குங்கள், 5 ஆகிவிடும். ஓர் எண்ணை லேசாகத் தொட்டதற்கே இவ்வளவு வித்தியாசம்! எங்கே நிற்கும் என்பதை மியூவும், எவ்வளவு வேகம் என்பதை க்ஸையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மண் படிந்த இடத்துச் சரிவின் டேன் மதிப்பை மியூவின் முதல் ஊகமாக வையுங்கள்.

அடுத்தது நிஜ மலை. சரிவு ஓடுவதைக் கணக்கிடும் சாஃப்ட்வேர்களில் சுவிட்சர்லாந்தின் ராம்ஸ் காசு கொடுத்து வாங்குவது, ஆர்.அவாஃப்ளோ இலவசம். நில உயரத் தரவு இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் 30 மீட்டர் கட்டமாகக் கிடைக்கிறது, ஆனால் 10 மீட்டர் அகல ஓடை அதில் தெரியவே தெரியாது, ஓட்டம் கரையேறி எங்கெங்கோ போகும். முடிந்தால் ட்ரோன் அளவீடு தேடுங்கள்.

முதலில் ஏற்கெனவே நடந்த ஒரு சரிவைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். வயநாட்டுக்கு இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் படத்தோடு கொடுத்த கணக்கு இருக்கிறது: சரிவு தொடங்கிய உச்சி 1,550 மீட்டர் உயரம், பெயர்ந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர், ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர். உங்கள் மாதிரி அந்தத் தூரத்தை எட்டும்வரை மியூ, க்ஸை இரண்டையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வழியில் மண்ணை வாரிச் சேர்த்துக்கொண்டு ஓட்டம் பெருகும் என்பதால், தொடங்கிய கன அளவை மட்டும் கொடுத்தால் சரிவு பாதி வழியில் நின்றுவிடும்.

புது இடத்துக்குப் போகும்போது கணினியில் ஒரே ஒரு முறை ஓட்டியதை நம்பி, ஆபத்து இதுவரைதான் என்று வீடுகளுக்கு நடுவே கோடு போடாதீர்கள். குறைந்தது, நடுத்தரம், மோசம் என்று மூன்று கன அளவுகளுக்கும் மியூவின் முழு வீச்சுக்கும் ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். மியூ, க்ஸை, கன அளவு, கட்ட அளவு நான்கையும் அதன் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள், அறிக்கையின் பின்னிணைப்பில் வேண்டாம், வரைபடம் மட்டும்தான் கைமாறிப் போகும்.