காலாண்டு முறையா, செமஸ்டர் முறையா: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'காலாண்டு' என்றதும் நமக்கு நினைவு வருவது செப்டம்பர் மாதத்துப் பள்ளித் தேர்வு. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் காலாண்டு என்பது இடைத் தேர்வு அல்ல. தனக்கென்று பாடங்களோடு தொடங்கி, இறுதித் தேர்வோடு முடிந்துவிடும் முழுப் பருவம். வகுப்புகள் சுமார் 10 வாரம். பெயரைப் பார்த்து ஆண்டுக்கு நான்கு என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான மாணவர்கள் படிப்பது மூன்று. நான்காவது கோடைப் பருவம். நம் செமஸ்டரோ ஏறத்தாழ 15 வாரம், ஆண்டுக்கு இரண்டு.

மூன்று பத்தும் முப்பது, இரண்டு பதினைந்தும் முப்பது, ஆகவே இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. கடலூரில் பாடம் நடத்தும் நான் இந்தக் கணக்கை மழையோடு சேர்த்தே போடுவேன். வடகிழக்குப் பருவமழை கல்வியாண்டின் முதல் பாதியில் வரும் நம் ஒற்றைப்படை செமஸ்டரின் பின்பாதியில்தான் வந்து விழுகிறது. 2015 நவம்பர் வெள்ளத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 15 வாரத்தில் ஒரு வாரம் போனால் சனிக்கிழமை வகுப்பு வைத்துப் பிடித்துவிடலாம். 10 வாரத்தில் ஒரு வாரம் போனால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. மூச்சு விடுவதற்குள் தேர்வு வந்து நிற்கும். மாணவர் காய்ச்சலில் படுத்தாலும் இதே நிலைதான். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புக்குப் பழகவே ஒரு மாதம் ஆகிறது. அந்தப் பிள்ளையை மறந்துவிட்டு வாரங்களை மட்டும் எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காகக் காலாண்டு முறையை வெறும் அவசரம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. அங்கே ஒரே நேரத்தில் மூன்று நான்கு பாடங்களே இருக்கும், கவனம் சிதறாது. நம் 15 வாரப் பாடத்திட்டத்தை அப்படியே 10 வாரத்துக்குள் திணித்தால்தான் கெடுகிறது. எதை விடுவது என்று ஆசிரியர் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

பாடத்தின் படிப்பளவைக் குறிக்கும் கிரெடிட் எண்ணிக்கையிலும் பலர் தடுமாறுகிறார்கள். இளநிலைப் பட்டத்துக்குக் காலாண்டு முறையில் 180, செமஸ்டர் முறையில் 120 என்றால் முன்னதில் படிப்பு அதிகம் என்று பொருளல்ல. ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரைக் காலாண்டு கிரெடிட்டுக்குச் சமம், அவ்வளவுதான். ஆனால் இது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர்ச் சான்றிதழில் உள்ள கிரெடிட்டை நீங்களே பெருக்கி விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஒரே மாநிலம் என்பதால் ஒரே நாட்காட்டி என்றும் நம்ப வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செமஸ்டர் முறை. ஆகஸ்டு இறுதியிலேயே வகுப்பு தொடங்கிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் காலாண்டு முறை. வகுப்பு தொடங்குவது செப்டம்பர் கடைசியில். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் சேரப்போகும் வளாகத்தின் நாட்காட்டியைத் திறந்து, வகுப்பு தொடங்கும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.