கூட்டணித் தீர்மானத்தை எழுத்தெண்ணிப் படிப்பது எப்படி

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது இருபது ஆண்டுகளாக என் வேலை. தொடக்க காலத்தில் ஒருமுறை இப்படித் தலைப்பு வைத்தேன்: ‘பிலிப்பைன்ஸைத் தாக்கினால் போர்: அமெரிக்க செனட் உறுதி’. மறுவாரம் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. “போர் என்ற சொல் மூலத்தில் எந்த வரியில் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டிருந்தார். தேடினேன். எந்த வரியிலும் இல்லை. பிலிப்பைன்ஸுடனான பழைய பாதுகாப்பு ஒப்பந்தத்தை ‘மறுபடியும் உறுதிப்படுத்துகிறது’ என்பதோடு தீர்மானம் முடிந்திருந்தது. படைகள் முறைத்துக்கொண்டு நிற்கும் தென்சீனக் கடலைப் பற்றி அப்படி ஒரு தலைப்பு வைத்ததை இன்றும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாடுகளின் பாதுகாப்புக் கூட்டணி பற்றிய தீர்மானங்களைப் படிக்க அதன் பிறகு நான் கைக்கொண்ட வாசிப்பு முறைதான் இது.

முதலில் தாளின் தலையைப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் என்ற பெயரில் மூன்று வகை உண்டு. ஒரு சபை மட்டும் நிறைவேற்றுவது ஒன்று. இரு சபைகளும் நிறைவேற்றினாலும் அதிபரின் கையெழுத்துக்குப் போகாதது இன்னொன்று. இவை இரண்டும் உறுப்பினர்களின் கருத்தைச் சொல்பவை, சட்டம் ஆகாதவை. மூன்றாவது, கூட்டுத் தீர்மானம். அதிபர் கையெழுத்திட்டால் அது சட்டம். செய்தி நிறுவனங்கள் மூன்றையும் ‘தீர்மானம்’ என்றே எழுதும். எந்த வகை என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

கூட்டுத் தீர்மானத்தின் கனம் தெரிய வேண்டுமானால் 1955 ஜனவரியைப் பாருங்கள். தைவான் அரசின் வசமிருந்த யிஜியாங்ஷான் தீவை மக்கள் சீனத்தின் படை கைப்பற்றியது. தைவானுடன் ஒரு மாதத்துக்கு முன்புதான் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதிபர் ஐசனோவர் நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பி அதிகாரம் கேட்டார். செனட்டில் 85 பேர் ஆதரித்தார்கள், 3 பேர் எதிர்த்தார்கள். ஃபார்மோசாவையும் (தைவானின் பழைய பெயர்) அதன் அருகிலுள்ள பெஸ்கடோர்ஸ் தீவுகளையும் காக்க, தேவை என்று தாம் கருதினால் அதிபர் படையைப் பயன்படுத்தலாம் என்று அந்தத் தீர்மானம் அதிகாரம் கொடுத்தது. சீனக் கரையை ஒட்டிய குமோய், மாட்சு தீவுகளின் பெயர் மட்டும் அதில் கிடையாது. ‘தொடர்புடைய இடங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி, முடிவை அதிபரிடம் விட்டார்கள். விட்டுப்போன பெயருக்கும் பொருள் உண்டு என்பதை இந்தத் தாளில்தான் கற்றேன்.

அடுத்து, வினைச்சொல். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் சிவப்புப் பென்சிலால் வினைகளை மட்டும் அடிக்கோடிடுவேன். ‘உறுதிப்படுத்துகிறது’, ‘கண்டிக்கிறது’, ‘வலியுறுத்துகிறது’ ஆகியவை குரல்கள். ‘அதிகாரம் அளிக்கிறது’, ‘ஒதுக்குகிறது’, ‘தடை செய்கிறது’ ஆகியவை செயல்கள். குரலுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. எதிர்த்தரப்பும் அதைக் கேட்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே தலைப்பில் கலக்கக் கூடாது.

பிறகு, உறுதிப்படுத்தப்படும் ஒப்பந்தத்தையே எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. 1951 ஆகஸ்ட் 30 அன்று கையெழுத்தான அமெரிக்க–பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவு சொல்வது இது: பசிபிக் பகுதியில் ஒரு தரப்பின் மீது நடக்கும் ஆயுதத் தாக்குதலை மற்றவரும் தனக்கான ஆபத்தாகக் கருதி, தன் அரசமைப்பு நடைமுறைப்படி செயல்படுவார். நேட்டோவின் புகழ்பெற்ற 5-ஆவது பிரிவிலும், ஒவ்வொரு நாடும் ‘தான் தேவை எனக் கருதும்’ நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது. தானாகப் போர் மூளும் என்று இரண்டிலும் இல்லை. இதை ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஏற்கவில்லை. போருக்குப் போகும் முடிவை முன்கூட்டியே இன்னொரு நாட்டின் கையில் கொடுக்க எந்த நாடாளுமன்றமும் சம்மதிக்காது.

பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு எது எதற்குப் பாதுகாப்பு என்று எல்லை வகுக்கிறது: தாய்நிலம், பசிபிக்கில் உள்ள தீவுகள், படைகள், அரசுக் கப்பல்கள், விமானங்கள். தென்சீனக் கடலில் உள்ள செகண்ட் தாமஸ் திட்டில் 1999-இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த சியரா மாட்ரே என்ற துருப்பிடித்த கப்பல், இன்றும் அதன் கடற்படைக் கப்பல்தான். கடலோரக் காவல்படையும் இதில் அடங்கும், தென்சீனக் கடலின் எந்தப் பகுதியானாலும் பொருந்தும் என்று 2023 மே மாதத்தில் இரு நாடுகளும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வெளிப்படையாகச் சொல்லின. இருந்தும் 2024 ஜூன் 17 அன்று அந்தக் கப்பலுக்குப் பொருள் கொண்டுபோன படகுகளைச் சீனக் கடலோரக் காவலர்கள் கத்தி, கோடரிகளுடன் மறித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் கட்டைவிரலை இழந்தார். மணிலா ஒப்பந்தத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. ‘ஆயுதத் தாக்குதல்’ என்ற இரண்டு சொற்களுக்கு வெளியே நடக்கும் நெருக்கடி இப்படித்தான் இருக்கும். ஆகவே புதிய தீர்மானம் வந்தால் அந்தச் சொற்கள் விரிகின்றனவா, அப்படியே நிற்கின்றனவா என்று பாருங்கள்.

பணம் இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். 2024 ஜூலையில் பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்கா 50 கோடி டாலர் இராணுவ உதவி அறிவித்தது. அதற்கு அடிப்படை நிதிச் சட்டம், கருத்துத் தீர்மானம் அல்ல.

வாக்கு எண்ணிக்கையைத் தனியாகப் படிக்காதீர்கள். அதே சபையின் பழைய வாக்கோடு சேர்த்துப் படியுங்கள். 1991 செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட், அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை 12-11 என்று நிராகரித்தது. 1995-இல், பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டைச் சீனா பிடித்தது. 2024 டிசம்பரில் ஜப்பானியப் படைகளை நாட்டுக்குள் அனுமதிக்கும் ஒப்பந்தம் அதே செனட்டுக்கு வந்தபோது ஒருவர்கூட எதிர்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டை ஆக்கிரமித்த ஜப்பான் அது. ‘ஏகமனதாக’ என்று மட்டும் எழுதினால் இந்தப் பயணம் முழுவதும் வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

கடைசியாக, கூட்டணியை யாரால் முறிக்க முடியும் என்று பாருங்கள். தைவான் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அதிபர் கார்ட்டர் 1978 டிசம்பரில் அறிவித்தார். செனட்டைக் கேட்கவில்லை. எதிர்த்து வழக்குப் போட்ட செனட்டர் கோல்ட்வாட்டருக்கு உச்ச நீதிமன்றத்தில் பலன் கிடைக்கவில்லை. இனி ஓர் அதிபர் நேட்டோவை விட்டுத் தனியாக வெளியேறக் கூடாது என்று 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் செய்தது: செனட்டில் மூன்றில் இரு பங்கு வேண்டும், அல்லது தனிச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் பேசுவது நேட்டோவைப் பற்றி மட்டுமே. மணிலாவுடனான ஒப்பந்தத்தை, ஓராண்டு அறிவிப்புக் கொடுத்து எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம்.

எடுத்த குறிப்புகளில் தேதி போட்டு வையுங்கள். என் கோப்பில் 1955 தீர்மானத்தின் ஓரத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன: ‘1974-இல் நீக்கப்பட்டது. ஒப்பந்தம் 1980 ஜனவரி 1 முதல் இல்லை.’ தைவான் பற்றிய செய்தியில் யாராவது அதை மேற்கோள் காட்டினால், முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்க்கிறேன்.